எண்பத்தேழு நாள் பத்தியம்

லிமா
2 மார்ச் 2003

அன்புள்ள தெயோலிந்தா அண்ணிக்கு,

நெல்வினா எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் இல்லை. நீங்களும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் விஷயம், வாழைக்காய் ஏற்றிவந்த லாரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதுகு வலிக்கு மருந்து கேட்டுப் போனவருக்கு அப்தியாஸ் வைத்தியன் பட்டப்பகலில் ஒரு கிண்ணம் கொடிக் கஷாயம் கொடுத்தானாம். நாலு நாள் அண்ணன் கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் போகாமல் கிடந்தாராம். கையில் இல்லாத சிகரெட்டைப் பற்றவைத்து இழுத்தாராம். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தவருக்கு உங்களை அடையாளம் தெரியவில்லையாம். இது நடந்தது ஜனவரியில். எனக்கு மார்ச்சில் தெரிகிறது.

அண்ணி, கொடியை மட்டும் குடித்தவன் வாந்தி எடுப்பான், பாம்பையும் புலியையும் பார்ப்பான், அழுவான், மறுநாள் மீன் பிடிக்கப் போய்விடுவான். நம் ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு நாள் ஆளைக் கிடத்துவது மர ஊமத்தை. கஷாயம் குடித்துக் காட்சி பார்க்க அவன் விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் 'ஒன்றும் தெரியவில்லை' என்று முனகியிருப்பார்கள், அவன் கஷாயத்தில் ஊமத்தை இலையைச் சேர்த்திருப்பான், எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அவர்களைப் படகில் ஏற்றிவந்த என் அண்ணனே அவனுக்குக் கிடைத்திருக்கிறார்.

அவனை என்ன செய்யப் போகிறீர்கள்? உடனே எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்,
நெல்வினா

---

சாந்தா எல்வீரா
30 மார்ச் 2003

அன்புள்ள நெல்வினா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். மழை நிற்காமல் பெய்து ஆறு வீட்டுப் படிவரை வந்துவிட்டுப் போயிருக்கிறது. சின்னவனுக்கு இருமல், மிர்னாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அங்கே குளிர் வந்ததும் நீ வெறுங்காலோடு நடக்காதே.

உன் அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். பகலெல்லாம் படியில் உட்கார்ந்து, இல்லாத மோட்டாரின் பிடியைப் பிடித்துக்கொண்டு படகு ஓட்டுகிறார். செத்துப்போன உங்கள் அப்பாவோடு பேசுகிறார், சிரிப்புக்கூட வருகிறது அவருக்கு. என்னிடம் மட்டும் மரியாதையாக, "அம்மா, நீங்க எந்தத் துறையில இறங்கணும்?" என்று கேட்கிறார். புகால்பா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நாளாகும் என்றார்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொள்ளாமலே தலையாட்டினார்.

வைத்தியர் இலை போடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். உன் அண்ணன்தான் பத்தியத்தை முறித்துவிட்டுக் குடித்தாராம், கொடிக்குக் கோபம் வந்துவிட்டதாம். ஊரும் அதைத்தான் நம்புகிறது. நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

மீன் காயப்போட்டிருக்கிறேன், படகு வந்தால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தெயோலிந்தா

---

லிமா
20 ஏப்ரல் 2003

அண்ணிக்கு,

சின்னவனுக்கு இருமல் விட்டதா? எனக்கு வயிற்றெரிச்சல் விடவில்லை.

சண்டைக்குப் போகவில்லை என்று பெருமையாக எழுதுகிறீர்கள். அந்த நாய்க்கு 'அவர்', 'வைத்தியர்' என்று மரியாதை வேறு. என் அண்ணன் பத்தியத்தை முறித்தாரா? கஷாயம் குடிக்கப்போகிறார் என்றால் மூன்று நாள் முன்பே உப்பைத் தள்ளிவைப்பவர், உங்கள் பக்கம் திரும்பாமல் படுப்பவர். அண்ணன் மேலேயே பழியைப் போட்டால் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டு வருவீர்களா? என்ன முறிந்ததாம்? எதைத் தின்றாராம்? அதையாவது கேட்டீர்களா?

நான் அங்கே இருந்திருந்தால் அவன் விடுதிக் கூரைக்குத் தீ வைத்துவிட்டு, எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பேன். விற்பதற்குக் கோலம் தைக்கும் துணியில் நான் ஊசி குத்தும்போதெல்லாம் அவன் கண்ணென்று நினைத்தே குத்துகிறேன். போன வாரம் நன்றாக விற்றது, ஆத்திரத்தில் கோலம் நேராக விழுகிறது போலிருக்கிறது.

உங்களுக்குக் கோபமே வராதா அண்ணி?

நெல்வினா

---

சாந்தா எல்வீரா
15 ஜூன் 2003

அன்புள்ள நெல்வினா,

எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், உன் சுகம் எழுது. பதில் தாமதமாகிவிட்டது.

நான் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடாமல் முழுக்கப் படி.

ஒன்பதாம் தேதியிலிருந்து அவர் பெரிய பத்தியத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஆறு மாதம். நோய் தீர்க்கும் பாட்டைக் கொடுக்கிற மரத்தின் பட்டைச் சாறும், உப்பில்லாத மீனும், சுட்ட வாழைக்காயும்தான். பெண் வாடை கூடாது, விடுதியை மருமகன் பார்த்துக்கொள்கிறான். அவருக்குச் சமைக்கிறவளும் ஆணோடு படுக்காதவளாக இருக்க வேண்டும், உனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஊர்ல நீ ஒருத்திதான் சுத்தமா இருக்கற. உன் கையால ஆக்கிப் போடு. பத்தியம் முடிஞ்சு மரம் எனக்குப் பாட்டுக் குடுத்ததும், மொதப் பாட்டு உன் புருஷன் லிசார்தோவுக்குத்தான். பாடி அவன இழுத்துட்டு வரேன்" என்றார்.

நான் சரி என்றேன். மாத்திரை இழுத்துவரவில்லை, பாதிரியார் ஜெபமும் இழுத்துவரவில்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

தனி அடுப்பு, தனிப் பானை, யாரும் தொடுவதில்லை. காலையில் போய் மதியம் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
தெயோலிந்தா

---

லிமா
29 ஜூன் 2003

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. நாலு முறை படித்தேன். எனக்கு ஜுரம், உங்கள் கடிதத்தால்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உங்கள் படுக்கையைக் காலி செய்தவனே, அது காலியாக இருக்கிறது என்று உங்களை வேலைக்கு வைத்திருக்கிறான். இந்த நெஞ்சழுத்தம் எந்தக் கடையில் விற்கிறது?

முதலில் சுவரில் முட்டிக்கொண்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. அண்ணி, அவன் சோறு உங்கள் கையில் இருக்கிறது. அவன் பானையை உங்களைத் தவிர யாரும் தொடுவதில்லை. பெரிய பத்தியத்தில் இருக்கிறவன் வாயில் உப்புப் பட்டால் என்ன ஆகும் என்று நானா சொல்ல வேண்டும்? மரம் அவன்மேல் திரும்பும். பாட்டுப் போகும், வாய் புண்ணாகும், புத்தி கலங்கும். நாள் ஏற ஏற அடி பலமாக விழும்.

ஒரு சிட்டிகை போதும். மீன் வயிற்றுக்குள் தேய்த்தால் நாக்குக்குக்கூடத் தெரியாது. எழுபது எண்பது நாள் ஆகட்டும், நன்றாக ஏறட்டும், பிறகு போடுங்கள். அவன் பாடி அண்ணன் வரப்போகிறாரா? அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

போட்டதும் எழுதுங்கள். ஒரு வரி போதும், புரிந்துகொள்வேன்.

நெல்வினா

---

சாந்தா எல்வீரா
20 ஜூலை 2003

அன்புள்ள நெல்வினா,

ஜுரம் விட்டதா? எலுமிச்சையும் இஞ்சியும் கொதிக்கவைத்துக் குடி.

ஆறு இறங்கிவிட்டது, மணல்திட்டு தெரிகிறது. மீன் மலிவு. மிர்னாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். சின்னவன் ஆமை முட்டை பொறுக்கப் போய்க் காலில் முள் ஏற்றிக்கொண்டான். உன் அண்ணன் ஒருநாள் மிர்னாவின் பெயரைச் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

நீ அனுப்பிய நூல்கண்டு வந்து சேர்ந்தது.

அன்புடன்,
தெயோலிந்தா

---

லிமா
10 ஆகஸ்ட் 2003

தெயோலிந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்கப்போவதில்லை.

நான் எதைக் கேட்டேன், நீங்கள் பல் விழுந்ததை எழுதினீர்கள். ஏன் என்று இப்போது புரிகிறது. நம் ஊர் ஹெர்மோசினா அத்தை போன வாரம் இங்கே வந்தாள். ஊரே பேசுவதை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று ஆச்சரியப்பட்டாள். அண்ணன் கஷாயம் குடிக்கப் போன அன்று காலை நீங்கள் அவருக்குக் காட்டுப்பன்றிக்கறி சமைத்துப் போட்டீர்களாம், உப்புப் போட்டு. "கண்ணால பாத்தேன்டி, தட்ட வழிச்சு வழிச்சுத் தின்னான்" என்கிறாள்.

அப்படியானால் அப்தியாஸ் சொன்னது பொய்யே இல்லையா? பத்தியத்தை முறித்தது உங்கள் கையா? 'எதைத் தின்றார்' என்று ஏப்ரலில் கேட்டேனே, அப்போது ஏன் சொல்லவில்லை? நான் ஐந்து மாதமாகத் தப்பான ஆளின் கண்ணை ஊசியால் குத்திக்கொண்டிருக்கிறேனா?

அவன் காலடியில் போய் விழுந்து சமைப்பது இதனால்தானா? ஆமா, இல்லை என்று மட்டும் எழுதுங்கள். ஆமா என்றால் பிள்ளைகளை நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அந்தக் கையால் அவர்கள் சாப்பிட வேண்டாம்.

நெல்வினா

---

சாந்தா எல்வீரா
14 செப்டம்பர் 2003

நெல்வினா,

பிள்ளைகள் சுகம். என் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

ஆமா. பன்றிக்கறி போட்டேன். என் தம்பி வேட்டையில் கொண்டுவந்தது. உன் அண்ணன் அன்று கஷாயம் குடிக்கும் எண்ணத்திலேயே இல்லை, முதுகுக்குத் தேய்க்க எண்ணெய் வாங்கிவரப் போனார். வைத்தியர்தான் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எட்டு மாதம் நான் என் கையைத்தான் சபித்தேன். தண்ணீர்த் துறைக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் கோபப்பட முடியுமா? என் உப்புதான் என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கு எழுதவில்லை, அதனால்தான் அவனுக்குச் சமைத்தேன். எந்தக் கை கெடுத்ததோ அந்தக் கையே பத்தியம் சமைத்து அவரைத் திரும்பக் கொண்டுவரட்டும் என்று.

நீ சொன்ன சிட்டிகையை நான் போடவே இல்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி, எண்பத்தேழாவது நாள். காலையில் வாழைக்காயை வைத்துவிட்டுத் திரும்பினேன். குடிசைக்குள்ளிருந்து கூப்பிட்டான். விடுதிக்குப் புதிதாக ஒன்பது பேர் வந்திருக்கிறார்களாம், இரண்டு தடவை குடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்களாம். "பொறத்தால மர ஊமத்த நிக்குது பாரு. கொஞ்சம் எல பறிச்சு மருமவன்கிட்ட குடு. கொஞ்சமாப் பறி, போன தடவ லிசார்தோவுக்குக் கூடிப்போச்சு" என்றான்.

சாதாரணமாகச் சொன்னான் நெல்வினா. குழம்பில் காரம் கூடிப்போனதைச் சொல்வதுபோல. யாரிடம் சொல்கிறோம் என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. அவன் சோறு பொங்குகிறவளாகத்தான் நான் அங்கே நின்றிருக்கிறேன், லிசார்தோவின் பெண்டாட்டியாக இல்லை.

இலை பறிக்கவில்லை. வாழைக்காயை அவன் தின்று முடிக்கும்வரை வாசலில் நின்றேன். தட்டை வாங்கிக்கொண்டு, "வைத்தியரே, இதுல உப்பு இருக்கு. மொத நாள்லேருந்து தெனமும் போட்டேன். எண்பத்தேழு நாளும் உப்புத்தான் தின்னுருக்கீங்க" என்றேன்.

ஒரு கல் உப்புக்கூட அந்தப் பானைக்குள் போனதில்லை. நீயும் நானும் கடவுளும் மட்டும் அறிந்தது இது.

முகம் வெளுத்துவிட்டது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுத்தான், பித்தநீர் வரும்வரை. மறுநாள் அவன் வாயெல்லாம் புண். மூன்றாம் நாள் விடுதிக்கு வந்தவர்களுக்குப் பாட உட்கார்ந்தவனுக்கு ஒரு பாட்டும் வரவில்லையாம், வாயைத் திறந்து திறந்து மூடினானாம். மரம் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கழுத்தை நெரிக்கிறது என்று கத்தினானாம். ஒன்பது பேரும் அடுத்த படகில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

எனக்குக் கோபமே வராதா என்று கேட்டிருந்தாய்.

தெயோலிந்தா

---

லிமா
28 செப்டம்பர் 2003

என் தங்க அண்ணிக்கு,

நான் நலம், நலமோ நலம். போன கடிதத்தில் எழுதியதற்கெல்லாம் என் வாயில் ஒரு போடு போடுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே நம் பெண்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். உப்பு போடாததை மட்டும் படிக்காமல் விழுங்கிவிட்டேன். 'மூட்டை கட்டிவிட்டார்கள்' என்ற இடத்தில் கைதட்டினார்கள். இன்னொரு தடவை படி என்றார்கள், படித்தேன். ஹெர்மோசினா அத்தை எழுந்து போய்விட்டாள், போகட்டும்.

அண்ணி, நான் ஒரு சிட்டிகை உப்பு கேட்டேன், நீங்கள் அதுகூடச் செலவழிக்காமல் முடித்துவிட்டீர்கள். அவன் எங்கள் அண்ணனுக்குச் செய்ததை அவனுக்கே செய்திருக்கிறீர்கள், உங்களுக்கு இலைகூடத் தேவைப்படவில்லை. நன்றாக நெரிக்கட்டும். இன்னும் என்னென்ன ஆகிறது என்று விடாமல் எழுதுங்கள். சாப்பிடுகிறானா? தூங்குகிறானா? அழுகிறானா?

நெல்வினா

---

சாந்தா எல்வீரா
12 அக்டோபர் 2003

அன்புள்ள நெல்வினா,

நாங்கள் சுகம். கேட்டாய், எழுதுகிறேன்.

சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. அழுகிறான். மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு நேற்று நம் வீட்டுப் படிவரை நடந்து வந்தான், எலும்பாகிவிட்டான். ஊர் பார்த்துக்கொண்டிருக்க என் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, இலை போட்டதை ஒத்துக்கொண்டான். துறையில் நகர்ந்துபோன பெண்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பிறகு, "பொய்ன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி. உப்புப் போடலன்னு சொல்லு. என் பாட்டு எனக்குத் திரும்பிரும். அன்னிக்கே உன் புருஷனுக்குப் பாடறேன்" என்றான்.

உன் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் மீனைச் சுத்தம் செய்தேன். இனித்தது நெல்வினா. அவ்வளவு இனித்தது.

தெயோலிந்தா

---

லிமா
26 அக்டோபர் 2003

அண்ணி,

சுகம் கேட்க நேரமில்லை. பஸ் புறப்படுகிறது, டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சொல்லிவிடுங்கள். உப்பு போடவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவன் பாட்டை நம்பாதீர்கள் என்று எழுதியவள் நான்தான், தெரியும். ஆனால் 'அன்றைக்கே பாடுகிறேன்' என்றான் என்று படித்ததிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. ஒருவேளை முடியுமென்றால்? ஒருவேளை அவனால் மட்டும்தான் முடியுமென்றால்? ஊர் முன்னால் ஒத்துக்கொண்டான், பிச்சைக்காரன்போல் உட்கார்ந்தான், எனக்கு அது போதும். எனக்கு என் அண்ணன் வேண்டும். அவர் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நெல்வினா

---

சாந்தா எல்வீரா
23 நவம்பர் 2003

அன்புள்ள நெல்வினா,

பிள்ளைகள் சுகம். மழை பிடித்துவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே உன் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். "உப்பு போடல. ஒருநாள்கூடப் போடல. ஆத்திரத்துல சொன்னேன், பொய்" என்றேன். பிள்ளைகள் தலைமேல் சத்தியம் செய்தேன்.

வைத்தியர் நம்பவில்லை. "பாவம் பாத்துச் சொல்ற. நீ நல்லவ" என்றார்.

அவர் கண்ணெதிரே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். வெறும் வாழைக்காயை வெறும் நெருப்பில் சுட்டேன். பாதியை நான் தின்றேன், பாதியை அவர் வாயில் வைத்தார். துப்பிவிட்டார். கரிக்கிறதாம். கூரையிலிருந்து விழுகிற மழைத்தண்ணீரைக் கையில் ஏந்திக் கொடுத்தேன், அதுவும் கரிக்கிறதாம். அப்போது உன் அண்ணனை அவர் முன்னால் உட்காரவைத்து, "எப்படியாவது பாடுங்க, வந்தது வரட்டும்" என்றேன். முயன்றார். பொய் சொல்ல மாட்டேன், மனசார முயன்றார். வெறும் மூச்சுத்தான் வந்தது. பாடத் தெரிந்த ஒரே வாயை நானே அடைத்துவிட்டேன், திறக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் விடாமல் போனேன். ஐந்தாம் நாள் வர வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டான்.

இந்த மாதம் பதினாறாம் தேதி வைத்தியர் இறந்துபோனார். உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார்.

அடக்கம் முடிந்ததும் வைத்தியரின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "எம் புருஷனுக்கு நீ என்ன குடுத்த?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன், அது உண்மைதானே. அவள் நம்பவில்லை. ஜனவரியில் நான் அவர் வாசலில் நின்று கேட்டபோது என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வைத்தியருக்கு இகித்தோஸில் ஒரு தங்கை இருக்கிறாளாம், உன் வயசுதானாம். நேற்றுப் படகில் அவளுக்குக் கடிதம் போயிருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணி
தெயோலிந்தா